பெரியவர் மாடலின் மூன்று கோடுகள்

செப்டம்பர் 30, திங்கள்

காலையிலிருந்து சாரல். போத்தனூர் பாலத்தில் இருபது நிமிடம் வண்டிகள் நகரவில்லை. குடை எடுக்கவில்லை, வழக்கம்போல.

இன்று: முன்தகடு வரைபடத்தில் கடைசிக் கையெழுத்து. கேஸ் புக்கிங். தையல்கடையில் ஜாக்கெட் (மூன்றாவது நடை).

சாம்பிள் கிரைண்டரை எம்.டி. பார்த்தார். அவர் அப்பா, எங்கள் பெரியவர், போய் மூன்று வருடம். கம்பெனி தொடங்கியபோது அவர் செய்த முதல் கிரைண்டரின் சாயலில் புது மாடல் வேண்டும் என்பது மகனின் ஆசை. ஆயுத பூஜைக்குக் கடைக்கு வந்தாக வேண்டும் என்பது மகனின் பிடிவாதம். வரையும் வேலை எனக்கு.

பழைய மெஷினில் முன்பக்க எவர்சில்வர் தகட்டில் படுக்கைவாட்டில் மூன்று கோடுகள். சும்மா அழுத்திய கோடுகள், துளை கிடையாது. தகடு மெலிசு, அதிரக் கூடாதென்று போட்டதாம். நான் அவற்றைத் திறந்து மோட்டாருக்குக் காற்றுப் போகும் வழியாக்கிவிட்டேன். காற்றுத் துளை அடியில் இருந்தால் சமையல் மேடையோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும். முன்னால் இருந்தால் மோட்டார் சூடாகாது. சும்மா இருந்த கோடுகளுக்கு வேலை கொடுத்தேன்.

எம்.டி. அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "அப்பாவே வந்து நிக்கற மாதிரி இருக்குதுங்க சுமதி." பதினோரு வருடத்தில் என் வேலையைப் பார்த்து ஒருவர் அழுவது இதுதான் முதல் தடவை.

இப்போது எல்லாவற்றிலும் இந்தப் பழைய முகம்தான். பைக்குக்கு வட்ட லைட்டு, ஸ்பீக்கருக்கு ரேடியோ வேஷம், பிஸ்கட் டப்பாவில் அந்தக் காலத்து அச்சு. தாத்தாவின் முகம் வேண்டும், முழங்கால் வலி வேண்டாம். என்னுடையது அப்படி வேஷம் இல்லை. (இதை எழுதும்போதே கொஞ்சம் தலைக்கனம் தெரிகிறது. தெரியட்டும், யார் படிக்கப் போகிறார்கள்.)

அக்டோபர் 1, செவ்வாய்

டெஸ்டிங்கில் ரஃபீக் பாய் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். மேலிருந்து, பக்கத்திலிருந்து, மாவு வழிவது போல. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. கோடுகளுக்கு உள்ளே கீழ்நோக்கி மடிப்பு வைத்திருக்கிறேன், மேலே விழும் தண்ணீர் வழிந்துவிடும்.

பாய் சாதாரணமாக எதையும் பாராட்டமாட்டார். "தேவலைங்க" என்றார். மாலை மலரில் தலைப்புச் செய்தியாகப் போடலாம்.

அக்டோபர் 3, வியாழன்

நவராத்திரி முதல் நாள், லைன் தொடக்கம். நான் அரைமணி தாமதம். போனபோது முதல் மெஷின் மேடையில் ஓடிக்கொண்டிருந்தது. மாலை, தேங்காய், சூடம். சந்தனமும் குங்குமமும் மூடியில் மட்டும் வைத்திருந்தார்கள்.

லைன் சூப்பர்வைசர் வேலுச்சாமி அண்ணனிடம், "முன்னால வெக்கலீங்களா அண்ணா? கோடு வெறிச்சுன்னு இருக்குது" என்றேன்.

"மேலயே போதுமுங்க அம்மணி" என்றார். முகம் கொடுக்கவில்லை. காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 4, வெள்ளி

மேகம். முழங்கை வலி. ஜாக்கெட் வந்தது, கை இறுக்கம்.

பெருந்துறை டீலர் தொல்லை தாங்காமல் இருபத்து நான்கு பீஸ் லாரி ஏற்றினார்கள். மீதி திங்களிலிருந்து.

மாலை எம்.டி. கீழே வந்தார். நம்பர் ஒன் மெஷினை வீட்டில் அப்பா படத்துக்கு முன்னால் வைக்கப் போகிறாராம். மேடையில் இருந்ததை எடுத்துப் பார்த்தால் நம்பர் பிளேட்டில் இரண்டு. வேலுச்சாமி அண்ணன், "பேக்கிங்ல கலந்துபோச்சுங்க, தேடித் தாரனுங்க" என்றார். அப்படிக் கலக்கிறவர் இல்லை அவர். ஒரு ஸ்க்ரூ குறைந்தால் லைனை நிறுத்துகிற ஆள்.

அக்டோபர் 5, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

தேடிப் போனதில், கழிவு ரூமில் சாக்குக்கு அடியில் நம்பர் ஒன். மூன்று கோடுகளிலும் சந்தனம் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமம். வேலுச்சாமி அண்ணன் பின்னாலேயே வந்துவிட்டார்.

"சாமி கும்புட்டு முன்னாடி மூணு கோட்டுலயும் சந்தனம் பூசினமுங்க. சுவிட்ச் போட்டதும் டப்புன்னு கரண்டு கட்டாகி ட்ரிப் ஆயிப்போச்சு. பெரியவர் பேர்ல மொத மெஷினு, இப்படி ஆச்சுன்னா அபசகுனம்னு சொல்லிப்போடுவாங்கன்னு பயந்து ஒளிச்சு வெச்சுட்டனுங்க. ரெண்டாவத எடுத்து மேல மட்டும் பொட்டு வெச்சோம். அது நல்லா ஓடுச்சு."

"அபசகுனமா? அண்ணா, அது ஃபால்ட்டுங்க!" கத்திவிட்டேன். அவர் கண் நிறைந்துவிட்டது. அவரிடம் கத்தி என்ன ஆகப்போகிறது.

பாயிடம் ஓடினேன். சந்தனம் குழைத்தோம், வீட்டில் குழைப்பது போலத் தண்ணீராக. விரலால் இழுத்துப் பூசினோம். விரல் அழுத்தத்தில் சந்தனம் மடிப்பைத் தாண்டி உள்ளே போகிறது. நேர் பின்னால் கெபாசிட்டர் வயர். மூன்றில் இரண்டு மெஷின் ட்ரிப்.

பாய் மீட்டரைத் தகட்டில் வைத்துப் பார்த்தார். பிறகு, "தகட்டுல கரண்டு வருதுங்க மேடம். எத்தன ஊட்டுல ட்ரிப் சுவிட்ச் இருக்குது? எத்தன ஊட்டுல எர்த் ஒழுங்கா இருக்குது? நான் தண்ணிய ஊத்திப் பாத்தேன். எங்க ஊட்டுல பொட்டு வெக்கற பழக்கமில்லீங்க, எனக்குத் தோணலை" என்றார்.

அவருக்குத் தோணாததில் நியாயம் உண்டு. எனக்கு? என் அம்மா புதுப் பிரஷர் குக்கருக்கே பொட்டு வைப்பாள். அதைவிடக் கேவலம்: அளவெடுக்கப் பழைய மெஷினை என் மேசைக்குக் கொண்டுவந்தபோது, அந்த மூன்று கோடுகளிலும் குங்குமம் கல்லாக இறுகியிருந்தது. எத்தனை ஆயுத பூஜைக் குங்குமமோ. ஆழம் சரியாக அளக்கவேண்டும் என்று நான்தான் ஊசியால் சுரண்டி எடுத்தேன். அழுக்கு என்று நினைத்துச் சுரண்டினேன். அந்த மெஷினில் ஜனங்கள் என்ன செய்தார்கள் என்பது கண்முன்னால் இருந்தது. அதைத் துடைத்துவிட்டு உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பாய்: "இன்னிக்கே சொல்லிப்போடுங்க."

எம்.டி. திருப்பூரில் ஒரு விசேஷத்தில். ஃபோனில் சொல்கிற விஷயமா என்றேன். திங்கள் நேரில் சொல்கிறேன் என்றேன். குடோனில் இருப்பதை வெளியே விடாமல் தான் பிடித்து வைப்பதாகப் பாய் சொன்னார். "ஏற்கனவே போனதுங்க?"

பெருந்துறை இருபத்து நான்கு. ஆயுத பூஜை வெள்ளிக்கிழமைதானே, அதற்கு முன் யார் வாங்கப்போகிறார்கள். பாயிடம் இப்படித்தான் சொன்னேன். எனக்கும் இப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

நல்ல வெயில். துணி துவைத்தேன், இரண்டு லோடு. எலுமிச்சை சாதம், உருளை வறுவல்.

சொன்னால்: மாடல் நிற்கும். புது அச்சுக்கு ஒன்றரை மாதம், ஆயுத பூஜை போச்சு. எம்.டி. முகத்தைப் பார்க்கவேண்டும். என் பெயர் கெடும்.

சொல்லாவிட்டால்: அந்தப் பக்கத்தில் எழுதவே முடியவில்லை.

வீட்டுக்காரர் கேட்டார், "ஏன் தட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கே?" தலைவலி என்றேன். மாத்திரை எடுத்துக் கொடுத்தார். வலிக்காத தலைக்கு மாத்திரை போட்டுக்கொண்டேன்.

இரண்டு தடவை எம்.டி. நம்பரை எடுத்து வைத்துவிட்டேன். வெட்கம். பயம். அந்த அழுத முகம் வேறு.

அக்டோபர் 7, திங்கள்

சொல்லிவிட்டேன். காலை ஒன்பதே முக்கால்.

எம்.டி. திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நம்பர் ஒன் மெஷினை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஸ்டிக்கர் ஒட்டிரலாமுங்க. 'இங்கே பொட்டு வைக்காதீர்கள், மூடியில் வைக்கவும்'னு" என்றார்.

ரஃபீக் பாய்: "யாருங்க சார் ஸ்டிக்கரப் படிக்கறாங்க?"

"படம் போட்டா புரியுமுங்க பாய்."

நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் ஸ்டிக்கர் ஒட்டினால் என் கோடுகள் பிழைக்கும். இதை இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன். மத்தியானம் நானே உட்கார்ந்து ஸ்டிக்கர் வரைந்தேன். மூன்று கோடு, நடுவில் சிவப்புப் பொட்டு, அதன்மேல் பெரிய பெருக்கல் குறி. நன்றாகவே வரைந்தேன். மாலைக்குள் அச்சாகி வந்துவிட்டது. பெருந்துறைக்கு நாளை பஸ்ஸில் அனுப்புவதாகத் திட்டம்.

அக்டோபர் 8, செவ்வாய்

காலை எட்டரை. ஸ்டிக்கர் கட்டு லைனுக்குப் போனது. யாரும் தொடவில்லை.

லைனில் மூத்தவர் ராசாத்தி அக்கா. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பொட்டை அழிச்ச மாதிரி படம் போட்டு, புது மெஷின்ல, அதுவும் நவராத்திரியில ஒட்டச் சொல்றீங்க. நான் ஒட்டமாட்டனுங்க. வேலைய விட்டு வேணா நிறுத்திக்கங்க."

நான் வரைந்தபோது அது எனக்குத் தெரியவே இல்லை. வெறும் எச்சரிக்கைக் குறி. அக்கா சொன்னபிறகு பார்த்தால் வேறெதுவும் தெரியவில்லை. எந்த வீட்டில் இதை உள்ளே விடுவார்கள்? முதல் வேலையாக உரித்துப் போட்டுவிட்டுப் பொட்டு வைப்பார்கள்.

எம்.டி. கோபமாக இறங்கிவந்தார். "குடுங்க, நான் ஒட்டறேன்." ஒன்றை உரித்தார். லைனுக்கு மேலே பெரியவர் படம். ஸ்டிக்கர் விரலில் ஒட்டிக்கொண்டு, மெஷினுக்கு முன் நின்றார், நின்றார். அவரால் முடியவில்லை. கசக்கித் தூக்கிப் போட்டார்.

"நிறுத்துங்க எல்லாத்தையும். பெருந்துறைக்கு ஃபோன் போடுங்க, இருபத்தி நாலும் திரும்பி வரோணும்."

நான்தான் போட்டேன். டீலர் சந்தோஷமாக, "ரெண்டு பீஸ் ஞாயித்துக்கெழமையே போயிருச்சுங்க!" என்றார்.

ஞாயிறு. நான் எலுமிச்சை சாதம் கிளறிய நாள்.

முதல் வீட்டில் ஃபோன் எடுத்தார்கள். பெட்டியே பிரிக்கவில்லை, வெள்ளிக்கிழமைதான் பிரிப்பதாக இருந்தார்களாம். உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது நம்பர் சுவிட்ச் ஆஃப், மத்தியானம் வரை. மறுபடியும். மறுபடியும். டீலரின் ஆள் ஈரோட்டில் இருக்கிறான். விலாசம் வாங்கினேன், பெருந்துறையிலிருந்து உள்ளே நான்கு கிலோமீட்டர்.

எம்.டி. கார்ச் சாவியை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். மணி மூன்று.

வழி முழுக்க நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தேன். அவிநாசி தாண்டி டீலர் கூப்பிட்டார்: அந்தப் பக்கம் இன்று மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து கரண்டு இல்லை, அதனால்தான் ஃபோனில் சார்ஜ் இல்லாமல் இருக்கும். ஐந்து மணிக்கு வரும்.

எம்.டி. மணியைப் பார்த்தார். அதன்பிறகு வண்டி போன வேகத்தை வீட்டுக்காரரிடம் சொல்லப்போவதில்லை. "சனிக்கெழமையே எனக்கு ஃபோன் பண்ணியிருக்கலாமுங்க" என்றார் ஒரே ஒரு தடவை. "ஆமாங்க சார்."

விலாசத்தில் தடுமாறி, தென்னந்தோப்பு ஒன்றைச் சுற்றி, போய்ச் சேர்ந்தபோது நாலு அம்பது. ஐம்பது வயதிருக்கும் அம்மா ஒருவர் ஈரக்கையோடு வந்தார். கம்பெனியிலிருந்து என்றதும், "வாங்க, வாங்க" என்று உள்ளே கூப்பிட்டார்.

சமையல்கட்டு மேடையில் இருந்தது. முன்பக்கம் மூன்று கோட்டிலும் சந்தனம், அழகாக, ஒரே இழுப்பில். நடுவில் குங்குமம். இன்னும் ஈரம். உள்ளே ஊறிய அரிசி, ப்ளக் செருகி, சுவிட்சும் போட்டபடி.

"ரெண்டு நாளா பெட்டியிலயே கெடந்துச்சுங்க. இன்னிக்கு நாளு நல்லாருக்குதுன்னு இப்பத்தான் பொட்டு வெச்சேன். கரண்டு வந்ததும் அதுபாட்டுக்கு ஓடட்டும்னு சுவிட்ச போட்டு வெச்சேன். அரிசிய ஒதுக்கி உட்டுட்டு நிக்க வேண்டியதுதான்..."

அவர் முடிப்பதற்குள் சுவிட்சை அணைத்து ப்ளக்கை உருவினேன். முதல் இழுப்பில் வரவில்லை. எம்.டி. வாசலிலேயே நின்றுவிட்டார்.

அம்மா பயந்துபோனார். "ஏனுங்க, என்ன ஆச்சுங்க?"

சொன்னேன். கோட்டில் சந்தனம் பூசினால் தகட்டில் கரண்டு வரும் என்று. ஒதுக்கிவிட என்று கை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை, அவருக்கே புரிந்தது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கம்பெனிக்காரங்க யாரோ கோளாறாப் பண்ணிப்போட்டாங்களாக்கும்?"

எம்.டி. ஏதோ சொல்ல வந்தார். நான் முந்திக்கொண்டேன். "யாரோ இல்லைங்க. நான்தான் வரைஞ்சேன். அந்தக் கோடு என்னோட தப்புங்க."

வெளியே எங்கோ மோட்டார் சத்தம், சமையல்கட்டு லைட்டு பளிச்சென்று எரிந்தது. மூவரும் மெஷினைப் பார்த்தோம். அது அசையாமல் இருந்தது.

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் குனிந்து, பூசிய சந்தனம் கலையாமல், அந்த மூன்று கோட்டுக்கும் ஓரமாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நீங்க வரைஞ்சதுங்களா அம்மணி? கடையில இதைப் பாத்துத்தான் வாங்குனேன். அழகாத்தான் இருக்குது."

அரிசியை ஒரு போசிப் பாத்திரத்தில் மாற்றிக் கொடுத்தேன். மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.