மச்சாள், கவிஞனுக்கு ஓம் சொல்லிவிட்டேன்

என் ராசாத்தி மச்சாளுக்கு,

சுகமா என்று கேட்க மாட்டேன். மேலே போனவர்களுக்கு முழங்கால் நோகாது என்று ஐயர் சொன்னார். எனக்குத்தான் நோகிறது. அண்ணை, அதுதான் உம்முடைய மனுசன், நன்றாகச் சாப்பிடுகிறார். உம்முடைய கறியை விட என் கறி திறமாம். கோபித்துக்கொண்டு எழும்பி வந்துவிடாதேயும்.

நீர் போனபிறகு இங்கிலாந்து அரண்மனையில் பெரிய அமளி. ராணியின் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் கல்யாணம் முறிந்து பிரிகிறார்கள். இங்கிலீஷ் பேப்பர் முழுக்க அதுதான். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் படம் மட்டும் பார்க்கிறேன். முன்பென்றால் நான் வெங்காயம் வெட்ட, நீர் நூலகத்துத் தடித்த புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்வீர். ஆறு கல்யாணம் கட்டிய ராசா, காதலுக்காக முடியைக் கழற்றி வைத்த ராசா, அடுத்தவன் பெண்டாட்டியோடு கப்பலேறிய, கவிதை எழுதும் இங்கிலாந்துப் பிரபு. எந்தக் கதைக்கும் என் முதல் கேள்வி ஒன்றுதான். "பொம்பிளை பகுதி ஆற்றை ஆக்கள், எந்தக் குடும்பம், மச்சாள்?" நீர் சிரித்துச் சிரித்து வாசித்த இடத்தைத் தவறவிடுவீர்.

இப்போது நம் வீட்டுக் கதை. உம்முடைய மகள் வாணி ஒரு பெடியனை விரும்புகிறாள். பக்கத்து மார்க்கம் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. அண்ணை லண்டன், பாரிஸ் எல்லாம் போன் எடுத்து விசாரித்தார். ஒரு குறையும் வரவில்லை, ஒன்றைத் தவிர. பெடியன் கவிதை எழுதுகிறான். இங்கத்தைய தமிழ்ப் பத்திரிகையில் வருகிறதாம்.

"கவிஞனுக்குப் பிள்ளையைக் குடுக்கேலாது," என்று அண்ணை நின்றார். "உவங்கடை கேடுகெட்ட சீத்துவத்தை அவள் எத்தினை தரம் வாசிச்சுச் சொன்னவள்! உயிரோடை இருந்திருந்தா அவளும் ஓம் எண்டிருக்க மாட்டாள்."

போனவரின் பெயரால் ஒருவர் மறுத்தால் யார் எதிர்த்துப் பேசுவது? வாணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். "மாமி, அம்மா அப்பிடிச் சொல்லுவாவே?" என்று அழுதாள்.

பிறகுதான் யோசித்தேன். அந்தப் பிரபுவின் கதை முடிந்ததும் நீர் கவிதையையா திட்டினீர்? "அந்தப் பொம்பிளையின்ரை வீட்டுக் கதையை ஊர் முழுக்கப் பாட்டாப் பாடினானே, அவளை ஒரு சொல்லுக் கேட்டவனே?" என்றல்லவா பொரிந்தீர்! அண்ணைக்கு அது கேட்டிருக்காது. அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெடியனைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். வடையை நீட்டியபடியே கேட்டேன்.

"தம்பி, எங்கடை பிள்ளையைப் பற்றி எத்தினை கவிதை எழுதினனீர்?"

"ஒண்டும் எழுதேல்லை, அன்ரி."

"ஏன், அவள் அவ்வளவு வடிவில்லையோ?"

பாவம், முகம் சிவந்துவிட்டது. "எழுதட்டோ எண்டு கேட்டனான். வேண்டாமெண்டிட்டா."

"ஒளிச்சு வைச்சும் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அன்ரி. அவ வேண்டாமெண்டவ எல்லோ."

நான் திரும்பி, "அண்ணை, மச்சாள் ஓம் எண்டிட்டா," என்றேன். அன்று நீர் பொரிந்ததை அப்படியே சொன்னேன். அண்ணை கொஞ்ச நேரம் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "அவள் உனக்குத்தான் எல்லாம் சொல்லுவாள்," என்றார். பிறகு பெடியனைப் பார்த்து, "தம்பி, இன்னொண்டு எடும்."

கல்யாணம் ஆவணியில். நான் உம்முடைய வாயால் சொன்னது சரிதானா, மச்சாள்?

ஒரு சத்தியம் செய்கிறேன். இந்த வீட்டில் பெரிய வாய் கவிஞனுடையது அல்ல, என்னுடையது. நாளைக்கு வாணி புருஷனோடு சண்டை பிடித்தால் என்னிடம்தான் வந்து அழுவாள். அந்தக் கதை அஜக்ஸில் இருக்கும் என் தங்கச்சிக்குக்கூடப் போகாது. இந்தக் கடிதத்தையும் வாணிக்கு வாசித்துக்காட்டி, அவள் ஓம் என்ற பிறகுதான் இங்கத்தைய தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். இரண்டு இடத்தை வெட்டச் சொன்னாள். வெட்டிவிட்டேன். நல்ல இடங்கள், மச்சாள். நான் பட்ட பாடு உமக்குத்தான் விளங்கும்.

வாயைக் கட்டிக்கொண்டிருக்கும்
உம்முடைய மச்சாள்,
புஷ்பம்