கத்திவாக்கத்தில் ஒரே ஒரு வண்டு

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே கொளுத்தும் வெயில். கடற்காற்று இல்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு ரயில், பிறகு நடை. அலுவலகம் மரங்களில் கட்டிவைத்த பூச்சிப் பொறிகளைப் பார்க்கும் நாள். மரத்தில் கறுப்புப் புனல்கள், உள்ளே வாசனைப் பொட்டலம், அடியில் கோப்பை. கப்பல் சரக்கின் மரப்பலகைகளோடு வெளிநாட்டு வண்டு வந்திறங்கியிருந்தால் அந்த வாசனைக்கு வந்து விழும். இதுவரை விழுந்தவை: ஈசல், உள்ளூர் வண்டுகள், ஒரு பல்லி.

கத்திவாக்கத்தில் பொறி இருப்பது தேசம்மாள் அக்கா மீன் விற்கும் பாதாம் மரத்தில். மறுபக்க நிழலில் வலை கட்டுகிறவர்கள்.

"இன்னா பாப்பா, மாட்டிகிச்சா உன் பூச்சி?"

"இல்லக்கா."

"மாட்டாததுக்கே சம்பளம் தர்றானுங்களா? என் தம்பிக்கும் சொல்லு, நல்லா சும்மா இருப்பான்."

தலைவலி. அக்கா சொம்புத் தண்ணீர் கொடுத்தார்.

ஜூன் 16, திங்கள்

மாட்டிவிட்டது. ஒன்று. கறுப்பு, முதுகில் வெள்ளைப் புள்ளிகள், உடலைவிட நீளமான கொம்பு. இதை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்: முதலில் மகிழ்ச்சி.

பிறகுதான் அக்காவின் மீன் மேடையைக் குனிந்து பார்த்தேன். கன்டெய்னர் யார்டு கழித்துப்போட்ட பலகைகள். இங்கே எல்லா மேடைகளும் அப்படித்தான். அடிப்பலகையில் வட்ட ஓட்டைகள், கீழே புது மரத்தூள்.

"இது எப்பக்கா வாங்குனது?"

"பொங்கலுக்கு அப்பால. என் ஊட்டுக்காரரு தூக்கினு வந்தாரு. ஏன், இன்னா கீது?"

அலுவலகத்தில் சாருக்கு போன். "பலகையில முத்திரை இருக்கா?" இருக்கிறது. "அப்போ சூடு பண்ணின மரம். அதுல பூச்சி வராது. நிக்கிற மரத்துலதான் இருக்கும்."

ஓட்டை கண்ணெதிரே, சார். "முத்திரையும் கண்ணெதிரேதானே இருக்கு."

விதி: ஒன்று கிடைத்தாலும் சுற்றிலும் அது தின்னக்கூடிய மரங்கள் எல்லாம் வெட்டி, அங்கேயே எரிக்க வேண்டும். தவறான விதி இல்லை. தாமதித்த ஊர்களில் தோப்பு தோப்பாகப் போனதைப் படித்திருக்கிறேன். எதிர்த்துப் பேச எனக்கு ஒரு வாதம்கூட இல்லை.

ஜூன் 18, புதன்

வெட்டினார்கள். பாதாம் மூன்று, முருங்கை இரண்டு, கோயில் பக்கத்துப் பூவரசு. வெட்டுக்கு முன் ஒவ்வொன்றிலும் சிவப்புக் குறி போட்டது நான்.

"நீதான சொன்னது?"

"ஆமாக்கா."

அக்கா மீன் கூடையை ஓரமாக நகர்த்தினார்.

பார்க்க முடிந்த வெட்டுமுகம் எல்லாம் பார்த்தேன். வெள்ளையாக, சுத்தமாக. ஓர் ஓட்டை இல்லை. மேடைப் பலகைகளை மட்டும் நானே நின்று எரிக்க வைத்தேன். யார்டில் இருக்கும் மீதிப் பலகைகள்? "அங்க பூச்சிமருந்து கேஸ் விட்டாச்சு, சர்டிஃபிகேட் வந்தாச்சு," என்றார், வெட்டைப் பார்க்க வந்திருந்த சார்.

அக்கா வெட்டின பாதாமில் ஒரே ஒரு துண்டு கேட்டார், மீன் வெட்ட.

"கூடாதுக்கா. எல்லாத்தையும் இங்கயே எரிக்கணும்."

"சரி, எரி."

மாலையில் மரம் வெட்டின கான்ட்ராக்டர் கட்டைகளை ஏற்ற லாரியைக் கொண்டுவந்தார். "ஊட்டுங்க நடுவுல எப்டிம்மா கொளுத்துறது? எட்டத்துல வச்சு எரிச்சிக்கிறோம்." சாரும் தலையாட்டினார். தார்ப்பாய்கூடப் போடவில்லை. லாரி போகும்வரை அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 20, வெள்ளி

திருவொற்றியூரில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியே ஒரு விறகுக்கடை. அடுக்கில் என் சிவப்புக் குறி. இறங்கிவிட்டேன்.

"பாதாம் கட்டைம்மா, நின்னு எரியும்," என்றார் கடைக்காரர். "பாதி போயிட்ச்சு. டீக்கடைங்க, மாதவரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். உனக்கு எவ்ளோ வேணும்?"

மரத்தில் பூச்சி இல்லையென்றால் வீணாக வெட்டியிருக்கிறோம். இருந்தால் வண்டி வைத்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறோம்.

சார் போனில் சிரித்தார். "எரியத்தானே போகுது? ரொம்ப புக் படிக்காதீங்கம்மா."

சாப்பிடவில்லை.

ஜூன் 23, திங்கள்

மறுபடி கொளுத்தும் வெயில். சார் உத்தரவு: பொறி அதே இடத்தில் இருக்க வேண்டும், மரம் இல்லாவிட்டால் கம்பத்தில் கட்டு.

கத்திவாக்கம். வலைக்காரர்கள் யாரும் இல்லை. அக்கா குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தரையில் சாக்கு விரித்து மீன். நான் விளக்குக் கம்பத்தில் கம்பி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல வுழுந்தா கம்பத்த வெட்டுவீங்களா?"

கட்டி முடித்துவிட்டு வந்தேன்.