கறுப்பு அவரை, வெள்ளை அவரை

பாஹியா பிளாங்கா,
3 ஜூன் 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா போனபின் இது நான்காவது கடிதம். அவள் இருந்தவரை உங்களுக்கும் சேர்த்து அவளே எழுதுவாள். இப்போது ஒரு வரிகூட இல்லை. என் கல்யாணத்துக் கோபம் இன்னும் தீரவில்லையா? ஆகஸ்ட் 11 பேத்திக்கு ஞானஸ்நானம். அம்மா பெயர்தான், ரமோனா. இதற்கும் பதில் இல்லையென்றால் இனி எழுதமாட்டேன்.

கிளாதிஸ்


ஃபமாயா,
2 ஜூலை 1996

கிளாதிஸ் கண்ணே,

சொல்வது நான்; எழுதுவது என் சீட்டுக் கூட்டாளி நசரேனோ. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மகளே. உன் நான்கு கடிதங்களும் பிரிக்காமலே தகரப் பெட்டியில் கிடந்தன. கோபமில்லை, வெட்கம்.

1958இல் கரும்பாலை மேஸ்திரி என் கையில் அறிவிப்பைத் தலைகீழாகத் திணித்து, "வாசிடா பாவுஸ்தினோ" என்றான். சிரித்த பதினான்கு பேரின் பெயரையும் இன்றும் சொல்வேன். யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள் என்று அன்றே முடிவுகட்டினேன். பஸ் பலகைக்குப் பயந்து எந்த ஊருக்கும் போனதில்லை.

உன் அம்மா போனபின் வீட்டுக்குள்ளேயே முடங்கியவனை நசரேனோதான் மனநல டாக்டர் இர்மாவிடம் இழுத்துப்போனான். அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது உங்க நினைப்பு, பெரியவரே. நெசமான்னு சோதிச்சுப் பாத்துடுவோமே" என்றார். பஸ் நிலையத்தில் பத்துப் பேரிடம், படிக்கத் தெரியாதென்று சொல்லிப் பலகையை வாசிக்கச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் சிரிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். எட்டு என்றேன். துருக்கோ சீட்டாட்டத்தில் கெலிப்பு எண்ணும் அவரைவிதைகளை எடுத்துப்போனேன். சிரித்தால் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை.

முதல்நாள் பழக்கதோஷத்தில், "கண்ணாடிய மறந்துட்டேன்" என்று சொல்லிக் கேட்டுவிட்டேன்.

"அது செல்லாது. மறுபடி போங்க" என்றார் டாக்டர்.

போனேன். ஒன்பது வெள்ளை. ஒருத்தன் சிரித்தான், சிரித்து முடிப்பதற்குள் அவன் பஸ் போய்விட்டது.

அந்தத் தெம்பில், படிக்கத் தெரியாததை நசரேனோவிடமும் சொன்னேன். "நீ சீட்டுலதான் ஏமாத்துறேன்னு நெனச்சேன், இதுலயுமாடா?" என்று உன் கடிதங்களை வாசித்தான். அழுதான். இந்த வரியை எழுதமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான்.

கடைசிச் சோதனை நீ. மகள் வெட்கப்படுவாள் என்கிறது என் நினைப்பு. உறையில் ஓர் அவரை போட்டு அனுப்பு. அதை நானே படித்துக்கொள்வேன்.

உன் அப்பா


பாஹியா பிளாங்கா,
11 ஜூலை 1996

நசரேனோ மாமா,

வாசிப்பதை இங்கே நிறுத்துங்கள். முதலில் உறையை அப்பாவின் உள்ளங்கையில் கவிழ்த்துவிடுங்கள்.

படித்துவிட்டாரா?

அப்பா, நீங்கள் ஏற வேண்டிய பஸ்ஸின் நிறத்தையும் எண்ணையும் படமாக வரைந்தேன். பிறகு கிழித்துப்போட்டேன். கேட்டே வாருங்கள். ஞானஸ்நானத்துக்கு முந்தைய நாள், குழந்தையோடு நிலையத்தில் நிற்பேன்.

கிளாதிஸ்