வள்ளியின் பொய் விரதம்

இன்னும் என் வீட்டில் தன் சொல்லையே நடத்திக்கொண்டிருக்கிற மீனாட்சிக்கு,

நம் வள்ளி திருச்சிக்கு வாத்தியார் பயிற்சிக்குப் போய்விட்டாள். அதற்குமுன், நீ அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றை நான் மாற்ற வேண்டியதாயிற்று. கோபப்படாமல் கேள்.

யார் குடிக்கக் கொடுத்தாலும் ஒரு வாயாவது குடித்துவிட வேண்டும், மறுத்தால் பகை என்றாகிவிடும் என்பாய். பொன்னமராவதியில் எல்லா வீட்டிலும் அதுதானே வழக்கம்? எதிர்க்கடை சுப்பையா மகனும் அப்படி வளர்ந்தவன்தான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன் இவனுடைய மாமன் பேரைச் சொல்லிக் கலர் சோடா வாங்கி வந்து நீட்டியிருக்கிறான். மாமனுக்கு வேண்டியவரிடம் எப்படி மறுப்பது? குடித்தான். ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தான். கழுத்துச் சங்கிலி போயிருந்தது.

அதைவிடக் கொடுமை, சுப்பையா அவனைப் போட்டு அடித்ததுதான். மருந்து கலந்தவனை விட்டுவிட்டுக் குடித்தவனை அடித்தால், அடுத்த முறை எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

அன்றைக்கே வள்ளியை உட்காரவைத்தேன். கண்முன்னால் திறந்ததை மட்டும் குடி. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனால், திரும்பி வந்து அதைத் தொடாதே. தலை சுற்றினால் வெட்கப்படாமல் கண்டக்டரிடமோ பக்கத்துப் பெண்களிடமோ சொல் என்றேன்.

"மூஞ்சிக்கு நேரா எப்பிடிப்பா வேணாங்கிறது?" என்றாள். உன் மகளல்லவா! நான் வியாபாரி, ஆளை நோகடிக்காமல் சரக்கை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவன்.

"விரதம்ங்கன்னு சொல்லும்மா. எவனும் மேல கேக்க மாட்டான்."

"பொய் விரதமா? ஆத்தா இருந்தா வையும்."

வைவாயா, மீனாட்சி?

சொன்னால் மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். ஒருநாள் காப்பியை வைத்துவிட்டுக் கொடியில் துணி எடுக்கப் போனாள். உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன். வந்து குடித்துத் துப்பினாள். பொழுதுக்கும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது, நாக்கு மறக்காது.

ஊருக்குக் கிளம்பிய அன்று நல்ல வெயில். தாகமாக இருக்குமே என்று ஒரு கலரை உடைத்து வாங்கிவந்து பஸ் ஜன்னலில் நீட்டினேன். சோதிக்க இல்லை, சத்தியமாக. பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அசலாரிடம் சொல்வதுபோல், "நான் விரதம்ங்க" என்றாள்.

"பெத்த அப்பனுக்கேவா பாப்பா?" என்று கண்டக்டர் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. கடைக்காரரை ஜன்னலுக்கே வரவழைத்து, அவள் பார்க்க இன்னொன்றை உடைக்கச் சொன்னேன். குடித்தாள்.

அடுத்தது சின்னவன். பையன்தானே என்று விடமாட்டேன். இன்னொன்றும் உனக்கு வாக்காகச் சொல்கிறேன்: எவ்வளவு கவனமாக இருந்தும் இவர்களுக்கு ஏதாவது நடந்து, என்னிடம் வந்து சொன்னால், கை ஓங்க மாட்டேன். முழுக்கக் கேட்பேன்.

உன் பிள்ளைகளுக்கு அப்பனும் ஆத்தாளுமாக,
சொக்கலிங்கம்