துறை சாராப் பாடம்

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையிலேயே புழுக்கம். வானம் மூடியது, மழை இல்லை. பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் வேலை. மதிப்பெண் பட்டியல்களை ஆண்டு வாரியாக அடுக்கி, நகல் எடுத்து, கிளிப் போட்டுக்கொண்டு தொலைநிலைப் படிப்பு மையத்துக்குப் போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. அது நல்லதாகப் போயிற்று.

கவுன்டரில் இருந்த அம்மா ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"சார், நீங்க பி.எஸ்சி. மேத்ஸ் தானே?"

"ஆமாம்மா."

"அப்பறம் ஏன் நாலாம் பகுதியில போட்டித் தேர்வுக் கணிதம் எடுத்திருக்கிறீங்க? அது பி.ஏ., பி.காம். பசங்களுக்கு. துறை சாராப் பாடம்னா உங்க டிபார்ட்மென்ட்ட வுட்டு வேற ஒண்ணு எடுக்கணும். வரலாறு, கம்ப்யூட்டர், இன்னா வேணா."

"மொத்த கிரெடிட் சரியா வருதேம்மா."

"மொத்தம் வந்து இன்னா பண்றது சார்? பகுதி பகுதியா வரணும். டிசம்பர்ல அந்த ஒரு பேப்பர எழுதிடுங்க. டிகிரி இப்போ வராது."

பணம் கட்டியபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி?

மதியம் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். தமிழ், சரி. ஆங்கிலம், சரி. முதன்மைப் பாடங்கள் எல்லாம் தேர்ச்சி. துணைப் பாடம் இயற்பியல், சரி. நான்காம் பகுதியில் சுற்றுச்சூழல் சரி, விழுமியக் கல்வி சரி, துறை சாராப் பாடம் மட்டும் இல்லை. கூட்டிப் பார்த்து மொத்தம் வந்ததும் முடிந்தது என்று எழுந்துவிட்டிருக்கிறேன். தேவையான நிபந்தனை வேறு, போதுமான நிபந்தனை வேறு. முதலாண்டில் எழுதி மதிப்பெண் வாங்கிய பாடம்.

ஏன் அதை எடுத்தேன் என்று இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும். வரலாற்றுக்குப் பயந்து. இரண்டு குழாய் திறந்தால் தொட்டி எப்போது நிறையும், கடிகார முட்களுக்கு நடுவே என்ன கோணம் – இதில் தொண்ணூற்றுச் சொச்சம் வாங்கிச் சந்தோஷப்பட்டேன். முதன்மைப் பாடமான மெய்ப் பகுப்பாய்வில் தேறியது இரண்டாம் தடவையில், தட்டுத் தடுமாறி.

சரோஜா கேட்டாள்: "இன்னாங்க, குடுத்துட்டு வந்தாச்சா?"

"ம்."

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பால், பல்பு, மூட்டுவலித் தைலம் (சரோஜாவுக்கு). கடைத்தெரு வழியாகப் போகாமல் பள்ளிவாசல் பின்பக்கச் சந்தில் சுற்றிப் போனேன். காரணம் ஃபிளெக்ஸ்.

போன வாரம் காதர் பாய் தன் இரும்புக் கடைக்கு எதிரே கட்டியது. "எழுபத்தொரு வயதில் கணிதப் பட்டம் பெற்ற எங்கள் அண்ணன்." படத்தில் தலை மட்டும் என்னுடையது. கோட்டும் டையும் கருப்பு அங்கியும் ஃபிளெக்ஸ் கடைக்காரர் போட்டவை. முடியையும் கருப்பாக்கிவிட்டார். கீழே பாயின் மகன்கள், மருமகன், பக்கத்து டீக்கடைக்காரர் எல்லோர் படமும் வரிசையாக.

சந்தின் முனையில் பாயே வந்துவிட்டார்.

"இன்னாண்ணே, இந்தப் பக்கமா போய்க்கினு இருக்கிறீங்க? போஸ்டர்ல இருக்கிறவரு மெயின் ரோட்ல நடக்கக் கூடாதுன்னு இருக்குதா?"

"வெயில் பாய்."

"வெயிலா? வானம் கப்புனு மூடிக்கினு இருக்குது. பெரியாளு ஆயிட்டாரு அண்ணன், பாத்தா பேச மாட்டேங்கறாரு."

சிரித்தேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவர் கையில் பிரியாணிப் பொட்டலம், சூடு ஆறிவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

கரியாலூரிலிருந்து வசந்தா போன். பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். மகள் வேலை பார்க்கும் பள்ளியில் அப்பாவுக்குப் பாராட்டு. தலைமை ஆசிரியரே சொன்னாராம்.

"சால்வைலாம் வாங்கியாச்சுப்பா. நீ ஒரு அஞ்சு நிமிஷம் பேசு. அந்த வெள்ளச் சட்ட போட்டுக்கினு வா, கட்டம் போட்டது வேணாம்."

"எனக்கெதுக்கும்மா இதெல்லாம்."

"இங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன். எங்கப்பா எங்கப்பான்னு சொல்லி எனக்கே வாய் வலிக்குது."

போனை வைத்த பிறகு ஒரு யோசனை. டிசம்பரில் எழுதிவிடப் போகிறேன். தேறியும் விடுவேன். பட்டம் வரத்தான் போகிறது. நாலைந்து மாதம் வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. நிரூபணத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. தெரியாததால்தான் பயம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மழை. வெள்ளைச் சட்டை இஸ்திரிக்கு. சொல்லவில்லை.

சரோஜா: "ரெண்டு நாளா சோத்த பெசஞ்சிக்கினே இருக்கிறீங்க. ஒடம்புக்கு இன்னா?"

வயிறு சரியில்லை என்றேன். சுக்கு வைத்துக் கொடுத்தாள். குடித்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சரோஜாவுக்கு முட்டி வலி, வரவில்லை. காலை பஸ். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது வசந்தாவிடம் இறங்கியதும் சொல்லிவிடுவது என்று முடிவு. இறங்கினேன். பஸ் நிற்குமிடத்தில் அவள், கூட இரண்டு ஆசிரியைகள். "இவங்கதான் எங்கப்பா." முடிந்தது.

கூடத்தில் பாய் விரித்து, கொல்லைக்காட்டு வேலையை விட்டு வந்த ஜனங்கள். தலைமை ஆசிரியர் அறிமுகத்தில் 'பட்டம்' என்று ஒவ்வொரு தடவை சொன்னபோதும் கை தட்டினார்கள். எழுதிக் கொண்டுபோனதைப் படித்தேன். என்ன படித்தேன் என்று நினைவில்லை. யாராவது ஏதாவது கேட்கலாம் என்றார் தலைமை ஆசிரியர். பின்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்தாள். பக்கத்தில் அவள் மகள், தலையைக் குனிந்துகொண்டு.

"சாரு, எம் பொண்ணும் அதே கணக்குதான் தபால்ல படிக்கிது. இன்னா இன்னா பாஸ் பண்ணா டிகிரி குடுப்பாங்க? இத்த கேட்டா அழுவுது, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

எனக்குத் தெரிந்த ஒரே விஷயம். விரல் மடக்கிச் சொன்னேன். மொழிப்பாடம், ஆங்கிலம், முதன்மை, துணை. நான்காம் பகுதிக்கு வந்தபோது வேறு வழி இல்லை. துறை சாராப் பாடத்தை நம் துறையில் எடுக்கக் கூடாது, எடுத்தால் தேறினாலும் கணக்கில் சேராது என்றேன்.

"ஐயோ, இது இன்னாவோ போட்டித் தேர்வு கணக்குனு எடுக்கறேங்குதே. ஈசியாம்."

"வேண்டாம்மா. எடுக்கக் கூடாது."

"நீங்க இன்னா எடுத்தீங்க?"

குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. மகளுக்கு அதையே எடுத்துக் கொடுக்கத்தான் கேட்டாள். 'வரலாறு' என்பது நாக்கு நுனி வரை வந்தது.

"அதையேதாம்மா எடுத்தேன். அதனால் எனக்கு இன்னும் பட்டம் வரவில்லை."

மைக்கில் சொல்லிவிட்டேன். கூடத்துக்கு வெளியே இருந்த ஸ்பீக்கரிலும் கேட்டிருக்கும்.

"அப்போ இந்தச் சால்வ எதுக்கு?" என்றார் முன்வரிசையில் ஒரு பெரியவர். சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்பு. தலைமை ஆசிரியர் சமாளித்தார்: "முயற்சிக்குத்தான் மரியாதை." அவசரமாகப் போர்த்தினார். சரிகை கழுத்தை அறுத்தது. வசந்தா சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிற்குமிடம் வரை வசந்தா முன்னால் நடந்தாள். அப்புறம்:

"எப்போ தெரியும் உனக்கு?"

"திங்கக்கிழமை."

"புதன்கிழமை நான் போன் பண்ணப்போ தெரியும்."

"தெரியும்."

"பேப்பர் வுட்டா வுட்டுட்டு போ. யாரு வுடல? எங்கிட்ட சொல்லி இருந்தா நானே நிறுத்தி இருப்பேன் இல்ல? இன்னாப்பா நீ."

"பயந்துட்டேன்."

"யாருக்கு? எனக்கா?"

பஸ் வந்துவிட்டது. சால்வையை அவளிடமே கொடுத்தேன். வாங்கவில்லை. வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்தும் மலையைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

தூறல். சரோஜாவிடம் நேற்று இரவே சொல்லிவிட்டேன். காதர் பாய் கடைக்கு நேர்வழியாகவே போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஆணிப் பெட்டியைக் கிளறினார்.

"ஒரு பேப்பரு கம்மியா? நான் எட்டாவதுல ஃபெயிலாயி ஒக்காந்தவன். இருந்தாலும் மொதல்லயே சொல்லி இருக்கலாம்ணே. கடைக்கு வர்றவன் போறவன் கிட்டலாம் நான் பெருமை பேசிக்கினு இருந்தேன்."

ஆளை ஏற்றி ஃபிளெக்ஸை அவிழ்த்துவிட்டார். படிப்பு மையத்தில் டிசம்பருக்கு வரலாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வசந்தாவின் போன் காலையிலிருந்து இல்லை. மூன்று மணிக்கு வந்தது, சரோஜாவுக்கு. அடுப்படியில் நின்று பேசினாள். அப்பா சாப்பிட்டாரா என்று கேட்கிறாளாம். சாப்பிட்டேன் என்று சொல்லச் சொல்லிக் கை காட்டினேன்.

"நீங்களே சொல்லுங்க" என்று போனை என் கையில் வைத்துவிட்டாள்.

"சாப்டியாப்பா?"

சாப்பிட்டேன் என்றே வாயில் வந்தது.

"இல்லம்மா. இன்னும் சாப்பிடல."