அப்பாவின் காலில் விழுந்த குழி

சனிக்கிழமை இரவு, பள்ளிமுனை.

மருத்துவ பீடத்தில் முதலாம் வருடப் பரீட்சை நெருங்குகிறது. படிப்பதற்கென்று வீட்டுக்கு வந்தேன். இன்று ஒரு பக்கமும் படிக்கவில்லை.

பின்னேரம் அப்பா கரையிலிருந்து வந்து கதிரையில் இருந்தார். செருப்பைக் கழற்றியபோது வார் பதிந்த தடம் பாதத்தில் ஆழமாகத் தெரிந்தது. நான் குனிந்து, கணைக்கால் எலும்பின் மேல் பெருவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

“என்ன பிள்ளை, அதுக்குள்ள டொக்டர் ஆகிட்டியோ?” என்று சிரித்தார்.

அடுத்ததைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். “மூத்திரம் நுரைச்சுப் போகுதோ அப்பா?”

“ஓம், கன நாளா. கடல் வெயில் சூடுதானே.”

“சூடோ? வலை இழுத்து இடுப்பு, நாரி நோகுதெண்டு ஒவ்வொரு நாளும் கடையில குளிசை வாங்கிப் போடுறார். சொன்னால் கேக்கிறாரில்லை,” என்றார் அம்மா, குசினிக்குள் சமைத்தபடி.

வீக்கம், நுரை, நோக்குளிசை, மூன்றும் சிறுநீரகத்தைத்தான் காட்டின. சிறுநீரகம் இரத்தத்தை எப்படி வடிக்கிறது என்று படம் கீறி விளக்க எனக்குத் தெரியும். அது பழுதானால் என்ன செய்வது என்பதை இன்னும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை.

“திங்கட்கிழமை ஆசுபத்திரிக்குப் போவம்,” என்றேன்.

மீன் படுகிற காலம் என்று சண்டை பிடிப்பார் என்றுதான் நினைத்தேன். காய்ச்சலோடும் கடலுக்குப் போகிற மனிதர். அவர் குனிந்து காலில் அந்தக் குழி இருந்த இடத்தைத் தடவினார்.

“சரி பிள்ளை, போவம். அண்டைக்கு நான் கடலுக்குப் போகேல்லை.”

ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசவில்லை. உடம்பில் ஏதோ பெரிதாகப் பிழைத்துவிட்டது என்று எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது.