மேல்காற்று திரும்பிய வாரம்

முதலிபாளையம்,
29.1.2009

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பூங்கொடி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். நீங்கள் நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் "நல்லா இருக்கறனுங்க" என்பீர்கள், அதை நான் நம்பவும் மாட்டேன். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, முதலில் பார்சலில் மேலாக இருக்கிற இரண்டு கம்பளி உள்ளாடைகளில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். உடம்பை ஒட்டி, அதுதான் அடியில் இருக்க வேண்டும். போட்டாயிற்றா? இனி படியுங்கள்.

பலூன் விடும் குடிசைக்குக் கிளம்புவதற்கு முன் கடைசியாகப் பேசினீர்கள் அல்லவா, அன்று உங்கள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வட துருவத்துக்கு மேலே முப்பது கிலோமீட்டர் உயரத்தில் காற்று ஒரே வாரத்தில் ஐம்பது டிகிரி சூடேறிவிட்டது, இதைப் பார்க்கத்தான் பின்லாந்து வரை வந்தேன் என்றீர்கள். சூடேறினால் நல்லதுதானே, குளிர் குறையுமே என்று கேட்டேன். சிரித்தீர்கள். அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னீர்கள். குளிர்காலம் முழுக்க அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று துருவத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆட்டுப்பட்டிக்குப் படல் கட்டின மாதிரி அது குளிரை உள்ளே அடைத்து வைத்திருக்கும். இப்போது அந்தக் காற்று உடைந்து எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. இதன் விளைவு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஒரு வாரமோ சில வாரமோ கழித்து, அடைபட்டிருந்த குளிர் வெளியே கொட்டும் என்று. எந்தப் பக்கம் கொட்டும் என்று கேட்டேன். அது யாருக்கும் உறுதியாகத் தெரியாது, எங்கள் தலையிலேயே கொட்டினாலும் கொட்டும் என்று, ஏதோ பாரியூர் தேர்த்திருவிழாவுக்குப் போகிறவர் மாதிரி சொன்னீர்கள்.

அதோடு விட்டீர்களா? ஆபீஸ் வாசலிலேயே பலூனுக்குக் காற்றடைக்கும்போது ஓடியாடி வேர்த்துவிடுகிறது, வெளியே நின்றால் முதுகு சில்லிட்டுப் போகிறது, நேற்று இரண்டு விரல்நுனி வெள்ளையாகி உணர்ச்சியே இல்லை, தேய்த்தேன் வந்துவிட்டது என்று போகிற போக்கில் சொன்னீர்கள். உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்றேன். மாமனார் கொடுத்த காட்டன்தான் என்றீர்கள். அதற்குள் லைன் போய்விட்டது.

மறுநாள் எங்கள் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர் பார்க்கிற சித்ரகலாவிடம் இதைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. அக்கா, பனி ஊருக்கு யாருமே காட்டன் இன்னர் ஆர்டர் கொடுக்க மாட்டாங்க, அது வேர்வையை உறிஞ்சிக்கும், உறிஞ்சினதை விடாது, ஈரத்துணியைச் சுத்திக்கிட்டுப் பனியில நிக்கற மாதிரிதான் என்றாள். வேர்வையை உறிஞ்சும்! அப்பா முப்பது வருசமாக எதைச் சொல்லிப் பனியன் விற்றாரோ, அதுவே அங்கே உங்களுக்கு எமன்.

நீங்கள் கிளம்பிய அன்று நடந்தது உங்களுக்கும் மறந்திருக்காது. அந்த ஊர்க்காரர்கள் எழுதியிருந்தபடி நீங்கள் வாங்கி வைத்திருந்த கம்பளி செட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே போட்டவர் அப்பாதான். "என்ற மாப்பிள்ளை அடுத்தவன் துணியப் போட்டுட்டு நிக்கறதா?" என்று தன் கையாலேயே தடித்தடியாகக் காட்டன் இன்னரை அடுக்கினார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "செரிங்க மாமா." குளிரைப் பற்றி அத்தனை படித்தவர், அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். பருத்தியைக் குற்றம் சொல்ற நாக்கு அழுகிப் போகும் என்று கத்தினார். நானும் விடவில்லை. சரி, பார்த்துவிடலாம் என்று அப்பா இரண்டு காட்டன் இன்னரைப் போட்டுக்கொண்டு, மத்தியான வெயிலில் கம்பெனி வாசலைச் சுற்றிச் சுற்றி நடந்து, தொப்பலாக வேர்த்து, அப்படியே காரில் ஏறினார். அவினாசி ரோட்டில் ராசப்பன் சித்தப்பாவின் ஐஸ்கிரீம் குடோன் இருக்கிறதல்லவா, அதன் உறைகுளிர் அறைக்குள் போய் நின்றார். கதவுக்கு வெளியே சித்தப்பாவும் நானும். சித்தப்பாவுக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன், முதலில் கையைக் கட்டிக்கொண்டு கம்பீரமாகத்தான் நின்றார். பிறகு தோளைக் குறுக்கினார். சீக்கிரமே கதவைத் தட்டினார். வெளியே வந்தபோது தாடை அடித்துக்கொண்டது. பனியனின் கீழ் ஓரம் அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "அங்க இத விடக் குளிராம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். டீயைக் குடிக்காமலே எழுந்துவிட்டார்.

நேராகப் பொங்கியண்ணன் கம்பெனிக்குப் போனார். மாமா, ஆர்டரைத் தட்டிப் பறித்தார் என்று எத்தனை வருசமாக அவரோடு பேச்சில்லை, உங்களுக்கே தெரியும். அவர்தான் இங்கே கம்பளி நூலில் ஏற்றுமதி செய்கிறவர். வாசலில் நின்று, "அண்ணா, ஒரு உதவி வேணுமுங்க" என்றார் அப்பா. நான் பக்கத்தில்தான் இருந்தேன். பொங்கியண்ணன் பெரியப்பா பழையதையெல்லாம் கிளறவில்லை. மாப்பிள்ளை அளவு என்ன என்றுதான் கேட்டார். ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தி, கம்பளி நூல் மாற்றித் துணி ஓட்டிக் கொடுத்தார். தையல் மட்டும் நம் கம்பெனியில், அப்பாவே உட்கார்ந்து தைத்தார். நம் கம்பெனி லேபிள் வைக்கவில்லை.

இதற்கு நடுவே பின்லாந்தில் இருக்கிற உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு அம்மாள் பேசினார். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் விசயத்தைச் சொல்லி, அவருக்குக் கம்பளி இன்னர் கொடுங்கள் என்று கெஞ்சினேன். குடிசையில் போன் இல்லையாம், ரேடியோவில் உங்களிடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். என்ன சொன்னார் தெரியுமா? கேட்டோம், தன்னிடம் இருப்பதாகச் சொன்னார், ஒன்றும் வேண்டாமாம் என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்குப் போனை உடைத்திருப்பேன்.

உங்களை எனக்குத் தெரியாதா? பசியோடு வந்தாலும் "இப்பத்தானுங்க சாப்பிட்டேன்" என்கிற ஆள். நம் ஊரில் அது செல்லும். நீங்கள் வேண்டாம் என்பீர்கள், அவர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள், மறுபடி வேண்டாம் என்பீர்கள், இலையைப் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே உங்கள் கூட வேலை செய்கிற அந்த ஊர்க்காரர் பெக்கா அப்படி இழுக்க மாட்டார் மாமா. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார். அது அவர்கள் மரியாதை. உங்கள் மரியாதையும் அவர்கள் மரியாதையும் சேர்ந்து உங்கள் விரலைத் தின்றுவிடும்.

வாரம் ஒருமுறை சாமான் கொண்டுவரும் பனிவண்டியில் இந்தப் பார்சல் வரும் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். குளிர் இன்னும் இறங்கினால் அதற்கடுத்த வாரம் வண்டி வராதாம். எனக்கு இங்கே ராத்திரியில் தூக்கமே இல்லை. தைமாதப் பனிக்கே அம்மா காதில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்த்தாலே எனக்கு உங்கள் காதுதான் நினைவுக்கு வருகிறது.

அப்பாவை இதில் ஒரு வரி எழுதச் சொன்னேன். மாப்பிள்ளைகிட்ட என்னத்தச் சொல்றது என்று எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "நான் குடுத்த பருத்திய எல்லாம் அடுப்புல போட்டுக் குளிர்காயச் சொல்லு கண்ணு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததை நான் கேட்டதேயில்லை. ஆகவே அவருக்காக ஒன்றும் பார்க்க வேண்டாம். விரலைப் பெக்காவிடம் காட்டுங்கள். மாற்றுத் துணி போதாவிட்டால் கேளுங்கள். குளிர் தாங்கவில்லை என்றால் வண்டியிலேயே ஏறித் திரும்பிவிடுங்கள். மேலே திரும்பின காற்று நீங்கள் பார்க்காவிட்டாலும் வீசிக்கொண்டுதான் இருக்கும்.

வண்டி வந்துபோன மறுநாள், ஏதாவது வேண்டுமா என்று அந்த அம்மாள் ரேடியோவில் உங்களிடம் மறுபடி கேட்பார். கேட்டுவிட்டு எனக்குச் சொல்வார். ஒரே ஒரு தடவைதான் கேட்பார் மாமா. "வேணும்" என்று சொல்லிவிடுங்கள். பொங்கியண்ணன் வாசலில் நின்று எங்கள் அப்பாவே சொல்லிவிட்டார்.

நானும் கல்யாணமான நாளிலிருந்து வெட்கப்பட்டுக்கொண்டு வாயைத் திறந்து சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். எனக்கு நீங்கள் வேணும், பத்து விரலோடும் வேணும். இனி நீங்கள் சொல்லுங்கள்.

அங்காளம்மன் உங்கள் கூடவே நிற்கட்டும்.

உங்கள்
பூங்கொடி